வதந்தியின் தாய்வீடு

ரங்கூனில் ஒரு பொய் பிறந்தால், அது எந்தத் தெருவில், எந்த டீக்கடையில், எத்தனை மணிக்குப் பிறந்தது, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது வரை சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். போலீசாருக்கு அந்தத் திறமை கிடையாது, பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவருக்கு இரண்டும் உண்டு, கூடவே வெயில் மழை பாராமல் ஒரு கறுப்புக் குடையும் உண்டு. ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் ஆபீசில் அவர் பெயர் தாய்வீட்டு அண்ணன்.

முதலில் ஆபீசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லான்மடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழே இருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரும் கடிதமும் மதியச் சாப்பாடும் அந்தக் கயிற்றில் சுகமாக மேலே வரும், மனிதர்கள்தான் மூச்சு வாங்க ஏறி வர வேண்டும். வாசல் பலகையில் 'ஆராய்ச்சி நிலையம்' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன ஆராய்ச்சி என்று எழுதாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வேலை இனப்படுகொலைத் தடுப்பு. அண்ணனும் நானும் அங்கே ஆராய்ச்சி உதவியாளர்கள்.

ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை வெட்டிப்போடும் காரியம் கத்தியில் தொடங்குவதில்லை, பேச்சில் தொடங்குகிறது என்பதுதான் எங்கள் ஆபீசின் பாலபாடம். முதலில் 'அவன் கடையில் வாங்காதே' என்பார்கள். பிறகு 'அவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள்' என்பார்கள். ஒரு நாள் மனிதர்களைப் பூச்சி என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்த இடத்துக்குப் போவதற்குள் யாராவது கவனித்து ஊரை உஷார்ப்படுத்த வேண்டும். அதற்காக நாங்கள் தெருத்தெருவாகப் போய், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு, ஒரு பாரத்தில் நிரப்பிக்கொண்டு வருவோம். என்ன பேச்சு, எந்த இடம், யாரைப் பற்றி, கோபம் எவ்வளவு என்று கட்டங்கள் இருக்கும். கோபத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும்.

இந்த வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் என் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்.

"பொண்ணுக்கு என்னா வேலை?"

"ஊர்ல யாரு யாரப் பத்தி என்னா பேசிக்கிறாங்கன்னு எழுதுறா."

"அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா? எங்க தெருவுல எல்லாரும் சும்மாவேல்ல பண்றாங்க."

அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. நல்லதாகப் போயிற்று.

அண்ணனுக்கு அப்போது நாற்பதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வயது. தாத்தா துறைமுகத்தில் குமாஸ்தா, அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. அந்த வம்சத்துக்கே உரிய உருண்டைக் கையெழுத்து அவருக்கும் வாய்த்திருந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, லுங்கி, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் பாலிஷ் போட்ட ஷூ. எங்கள் பாரத்தோடு அவருக்கு முதல் நாளிலிருந்தே சண்டை. 'உங்களுக்கு யார் சொன்னது?' என்று ஒரு கட்டம் அதில் இல்லை என்பது அவர் வழக்கு.

எங்கள் தலைவியை நாங்கள் சயாமா என்போம். டீச்சரம்மா என்று அர்த்தம், இந்த ஊரில் மேலதிகாரிக்கும் அதுதான் மரியாதை. பேர்களை எழுதக் கூடாது, நாளைக்கு அந்தக் காகிதம் யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது என்பது சயாமாவின் கட்டளை. அண்ணன் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் தனக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, அதில் பேர் இல்லாமல் ஆளை எழுத ஆரம்பித்தார். 'மூக்குத்தி மீன்காரம்மா, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும் சைக்கா வண்டிக்காரரிடம் கேட்டது.' 'இடது கை வெற்றிலைக்காரர், அடிக்கடி தும்மும் தபால்காரரிடம் கேட்டது.' ஒவ்வொரு வதந்தியையும் இப்படி வாய் வாயாகப் பின்னாலேயே போய், அது கிளம்பிய இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

"இது புகுந்த வீடு. இதோட தாய்வீடு எங்கன்னு பாக்கணும்" என்று குடையை எடுப்பார். பேர் அப்படி வந்ததுதான்.

இந்த ஊர் டீக்கடைகளில் பரிமாறுகிறவரைக் கூப்பிட, உதட்டைக் குவித்து முத்தமிடுகிற சத்தம் போட வேண்டும். அண்ணனுக்கு அது கூச்சம். யாராவது தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பார், அதற்குள் நாலு மேசைப் பேச்சு காதில் விழுந்துவிடும். பிறகு ஒரே ஒரு சமோசா. அந்தச் சமோசாவை முக்கால் மணி நேரம் சாப்பிடுவார். மேசையில் இலவசமாக வைக்கிற வெறுந்தேநீரில் நாலு கெட்டில் காலியாகும். அலோன் படகுத்துறைப் பக்கம் ஒரு தமிழர் டீக்கடை வைத்திருந்தார். அண்ணன் குடை தூரத்தில் தெரிந்தாலே, "இன்னிக்கு ஒரு மேசை போச்சு" என்பார்.

ஆபீசுக்குள் பிறந்த வதந்திகளையும் அவர் விடுவதில்லை. ஒரு தடவை, லிஃப்ட் இருக்கிற கட்டடத்துக்கு ஆபீஸ் மாறப் போகிறது என்று பேச்சு வந்தது. நாங்கள் எல்லாரும் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தோம். அண்ணன் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்:

"ரெண்டாவது மாடி அம்மா சொன்னதுதான். 'இவங்க ஏறி எறங்குற சத்தம் தாங்கல, லிஃப்ட் இருக்குற எடத்துக்குப் போய்த் தொலைஞ்சா நல்லாருக்கும்'னு வேண்டிக்கிட்டிருக்காங்க. வேண்டுதல் நடு வழியில சேதியாயிருச்சு."

"ஒரு நாலு நாள் கழிச்சு விசாரிச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்றேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

இன்னொரு தடவை அவரே செத்துப்போனார். காலை பத்து மணிக்கு, அலோனில் பஸ் மோதி அண்ணன் போய்விட்டார் என்று சேதி வந்தது. நான் அழுதேன். சயாமா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஃபாதருக்கு ஆள் அனுப்பியாயிற்று, மலர்வளையமும் கயிற்றில் மேலே வந்துவிட்டது. பதினொன்றரைக்குப் படியில் ஷூ சத்தம். அண்ணன் உள்ளே வந்தார், வளையத்தைப் பார்த்தார், அதில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"யாரு சொன்னது?" என்றார்.

சொன்னோம். குடையை எடுத்துக்கொண்டு அப்படியே இறங்கிப் போய்விட்டார். நாலரை மணிக்குத் திரும்பி வந்து, தன் சாவின் தாய்வீட்டைச் சொன்னார். குடை பிடித்துக்கொண்டு போன வேறொருவர் மேல் பஸ் லேசாக உரசியதாம், அவருக்கும் ஒன்றும் இல்லையாம். வளையத்தை வீணாக்க மனமில்லாமல் மூன்று நாள் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். பூ வாடும்வரை அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஆபீசில்தான் பாய் கடை விஷயம் வந்தது. அதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுதினால் நான் பொய் சொன்னதாக ஆகும்.

ஆபீசிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி ஒரு பாய் டான்பவுக் கடை வைத்திருந்தார். டான்பவுக் என்றால் நம் பிரியாணிக்கு இந்த ஊர்ப் பெயர். கீழே கடை, மேலே வீடு, வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும். அந்த மழைக்காலத்தில், வேறெங்கோ ஓர் ஊரில் இப்படிப்பட்ட கடையில் சோற்றில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று ஒரு சேதியைப் போனில் பார்த்தேன். அது எங்கள் பக்கம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பாரத்தையும் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு அலோனிலிருந்து ஆரம்பித்து விசாரித்தேன். ஒருவரும் கேள்விப்படவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் லான்மடா மீன் மார்க்கெட்டில் அதே பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்தது. கோபம் நாலு என்று பாரத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். முதல் தடவையாக ஒரு பெரிய ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பாய் கடை காலியாயிற்று. 'இங்கே சாப்பிடாதே' என்று கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மறுநாள் முன்பக்கக் கண்ணாடி அலமாரி உடைந்திருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து, தெருவுக்குப் பழக்கமில்லாத நாலு பேர் எதிர் வெற்றிலைக் கடையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, பாயின் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எங்கள் புத்தகங்களில் அந்தக் கட்டத்துக்குப் பேர் இருக்கிறது. அதற்கடுத்த கட்டத்துக்கும் இருக்கிறது.

பாய் மூன்று மாடி ஏறி வந்தார்.

"நீங்கள்லாம் படிச்சவங்க. நான் கடையத் தொறக்கவா, பூட்டிட்டுப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்டவா? அத மட்டும் சொல்லுங்க."

சயாமா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எச்சரிக்கைக் கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அண்ணன் எழுந்தார்.

"மூணு மணி வரைக்கும் தொறந்தே வைங்க பாய். நான் ஒரு நடை போய்ட்டு வந்துர்றேன்."

இரண்டரைக்கு வந்துவிட்டார். தொப்பலாக நனைந்திருந்தார், குடை மடக்கியே இருந்தது. நோட்டைத் திறக்காமல் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மூக்குத்தி மீன்காரம்மாவுக்குச் சொன்னது சைக்காக்காரன். சைக்காக்காரனுக்குச் சொன்னது அலோன் டீக்கடைக்காரரு. அவருக்குச் சொன்னது ஒரு பொண்ணு. மஞ்சப் பை வச்சிருந்துச்சாம், ரொம்ப மரியாதையாக் கேட்டுச்சாம். 'டான்பவுக் கடையில சோத்துல மருந்து கலக்குறாங்கன்னு இந்தப் பக்கம் ஏதும் பேச்சு வந்துச்சா'ன்னு. படிச்ச பொண்ணா இருந்துச்சு, சும்மாவா கேக்கும்னு நெனச்சாராம்."

மஞ்சள் பை என் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, தாய்வீடு நம்ம வீடுதான்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். அஞ்சு மணிக்கு அவனுங்க வந்துருவானுங்க. பொய் போன வழியிலயே நாமளும் போகணும், எந்திரி."

முதலில் அலோன் டீக்கடை. நான்தான் கேட்டேன், அப்படி எதுவும் கிடையாது, கேட்டது என் தப்பு என்று சொன்னேன்.

"இல்லன்னா ஏம்மா கேட்ட?" என்றார் கடைக்காரர்.

"இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"இல்லாத ஒண்ண இருக்கான்னு வந்து கேட்டா, இருக்குன்னுதானம்மா நாங்க நெனப்போம்?"

நான் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடிபட்டுப்போயிற்று. அண்ணன் அவரைக் கையோடு கிளப்பினார். அடுத்து சைக்கா நிறுத்தம். சைக்கா என்பது சைக்கிளோடு பக்கவாட்டில் இரண்டு இருக்கை வைத்த வண்டி, ஒருவர் முன்னால் பார்த்தும் ஒருவர் பின்னால் பார்த்தும் உட்கார வேண்டும். சைக்காக்காரர் விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நான் ஒரு இருவது பேர்ட்ட சொல்லிருப்பேனே. அவங்கள எங்க போய்த் தேடுறது?"

"தேட வேணாம். வண்டிய பாய் கடை வாசல்ல நிறுத்திட்டு நீ உக்காந்து சாப்டு. ஒன் வண்டியத் தெரியாதவன் யாரு?"

மீன்காரம்மாதான் லேசில் மடியவில்லை. பர்மாக்கார அம்மா, குரல் மார்க்கெட் முழுக்கக் கேட்கும்.

"என் தங்கச்சி புருஷனுக்கே வயித்து வலி வந்துச்சு, தெரியுமா?" என்றார் பர்மியில்.

"எந்தக் கடையில சாப்பிட்டாரு?" என்றார் அண்ணன்.

"சாப்பிடவே இல்லையே. கேள்விப்பட்டதுலயே வந்துச்சு."

அண்ணன் நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு, "அப்ப நீங்களே வந்து ஒரு வாய் சாப்ட்டுப் பாத்து ஊருக்குச் சொல்லிருங்க. ஒங்க நாக்கு சொன்னா யாரு மறுக்கப் போறா?" என்றார். அந்த அம்மா ஏப்ரனைக் கழற்றிவிட்டார்.

ஐந்து மணிக்கு, பாய் கடையின் வெளி மேசையில் நாங்கள் ஐந்து பேர். எதிரே அந்த நாலு பேர். பாய் தட்டுகளை வைத்தார். மாடி ஜன்னலில் இரண்டு பெண் பிள்ளைகளின் முகம். முக்கால் மணி நேரம் ஒரு சமோசா தின்கிற மனிதர், அன்று மூன்று தட்டு டான்பவுக் சாப்பிட்டார். சைக்காவைப் பார்த்து நின்ற இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், பிறகு நாலு பேர். தெருவே மீன்காரம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா நிதானமாக மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, மார்க்கெட் குரலில் தீர்ப்புச் சொன்னார்:

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. உப்பும் இல்ல."

பாய் சிரித்துவிட்டார். உப்பு டப்பாவோடு ஓடி வந்தார். எதிரே நின்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், மழை வலுத்ததும் போனார்கள். மறுநாள் வரவில்லை.

ஆபீஸ் படியில் அண்ணன் நின்றார். "அழணும்னா இப்ப அழலாம் தங்கச்சி" என்றார். நான் அழுது முடிக்கும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த விஷயத்தை எடுத்துப் பேசியதில்லை. சயாமா பாரத்தையே மாற்றினார். இனிமேல் 'என்ன சேதி?' என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், எதையும் நாமாகப் பேர் சொல்லிக் கேட்கக் கூடாது. அண்ணன் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தது அதுதான்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஊரே மாறிப்போன அந்த வருஷம் எங்கள் ஆபீசும் மூடியது. கடைசி நாள் அண்ணன் தன் நோட்டுகளையெல்லாம் பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டு, கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். மூக்குத்தியும் இடது கையும் தும்மலும் நீல மையாகக் கரைந்தன.

"பேர்தான் இல்லியேண்ணே" என்றேன்.

"தேடுறவன் நம்மள மாதிரிப் பொறுமையானவனா இருந்துட்டா?" என்றார்.

ஊரின் வடகோடியில், ஷ்வேப்யிதாவில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று கிளம்பினார். அந்தச் செவ்வாய்க்கிழமை வரவில்லை. நானே ஷ்வேப்யிதா போய் ஃபேக்டரித் தெருக்களில் விசாரித்தேன். வந்தார், போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவரைத் தேட எனக்கு அவரைத்தான் தெரியும்.

இப்போது நான் இதே ஊரில் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். எந்தப் படியில் ஷூ சத்தம் கேட்டாலும், மலர்வளையத்தைப் படிக்க வந்தவராக இருக்குமோ என்று காது அந்தப் பக்கம் போகிறது. சொல்லி என்ன, ஏக்கம்தான்.

போன மழைக்காலத்தில் மீன்காரம்மா மார்க்கெட்டில் என்னைக் கை தட்டிக் கூப்பிட்டார். "ஒங்க குடைக்காரரு மோரேல இருக்காராம். ஒரு சமோசாவ முக்கா மணி நேரம் தின்னுக்கிட்டு, கடைக்காரங்க உசுர எடுக்குறாராம். அந்த ஊர்ல சாப்பாட்டுல உப்பு கம்மியாம்." மோரே இந்திய எல்லையில் இருக்கிறது. இங்கிருந்து போன நம் தமிழர்கள் பல பேர் தங்கிவிட்ட ஊர். வாங்கின மீனை அங்கேயே விட்டுவிட்டு, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டு ஓடினேன்.

மீன்காரம்மாவுக்குச் சொன்னது சைக்காக்காரர். உப்பு மட்டும் அந்த அம்மா சேர்த்தது. சைக்காக்காரருக்குச் சொன்னது அலோன் டீக்கடைக்காரர், குடை மட்டும் சைக்காக்காரர் சேர்த்தது. ஓட்டமும் நடையுமாக அலோன் போனேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சமோசாவத்தான் நான் சேத்துக்கிட்டேன். மோரேன்னு சொன்னது நீதானம்மா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு மாதம் முன்னால் ஒரு நாள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். 'அண்ணன் எங்கம்மா, நல்லாருக்காரா?' என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. 'மோரேல இருக்காராம், நல்லாருக்காராம்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணனின் சட்டப்படி, நான் அதே வழியில் திரும்பிப் போய், நான்தான் சொன்னேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். கிளம்பத்தான் கிளம்பினேன். நிறுத்தத்தில் சைக்காக்காரர், "அண்ணனப் பத்தி வேற ஏதும் சேதி உண்டா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ஷூவுக்கு பாலிஷ் போடுறத இன்னும் விடலையாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை உங்களிடமும் சொல்கிறேன், நீங்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள். தாய்வீட்டு அண்ணன் மோரேயில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். எந்த ஊரில் இருந்தாலும் இது அவர் காதில் விழட்டும். யார் சொன்னது என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. குடையை எடுத்துக்கொண்டு வாய் வாயாக விசாரித்து வந்து, ஒரு நாள் என் வாசலில் நின்று, "தங்கச்சி, தாய்வீடு நம்ம வீடுதான்" என்று சொல்வார்.